பேய்க் கதைகளுக்கு ஓர் உரைகல்

பேய்க் கதையை இலக்கியத்தோடு சேர்த்து எண்ணலாமா என்னும் வழக்கு பழையது. ஆசிரியர் பலர் அதன் பெயரைக் கேட்ட மாத்திரத்தே முகஞ் சுளிப்பர். மாணாக்கரோ தமிழ்ப் பாடநூலின் உள்ளே அதனை மறைத்துவைத்துப் படிப்பர். இவ்விரு சாராருக்கும் நடுவே நின்று, அக்கதைகளை அமைதியாகப் படித்து, இது நன்று, இது தீது என எடைபோட்டுச் சொல்பவர் மிகச் சிலர். நாலந்தாவை அடுத்த பாடசாலை ஒன்றின் நூலகத்துக்கு நன்கொடையாக வந்த பேய் நாவல்கள் ஓரலமாரி நிறைய இருந்தன. அவற்றுள் வைத்திருக்கத் தக்கவை எவை, கழிக்கத் தக்கவை எவை என்று பிரித்துத் தரும் பணி அண்மையில் என்னை வந்தடைந்தது. இரண்டு மாதகாலம் இரவுகளில் அவற்றோடு குடியிருந்தேன். அவ்வாசிப்பிலே தோன்றிய சில எண்ணங்களை அன்பர்கள் முன் வைக்கின்றேன்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். பேயைக் கண்டு முகஞ் சுளிக்கும் உரிமை வேறெந்த மொழிப் புலவனுக்கு இருப்பினும் தமிழ்ப் புலவனுக்கு இல்லை. காரைக்காலம்மையார் தம்மைப் பேய் என்றே சொல்லிக்கொண்டார். சயங்கொண்டார் முதற் குலோத்துங்கனது கலிங்க வெற்றியைப் பாட வந்து, நூலிற் பெரும்பகுதியைக் காளியின் பேய்களுக்குக் கொடுத்துவிட்டார். போர்க்களத்திலே கூழ் அடுவனவும் பேய்களே, உண்பனவும் பேய்களே, அரசனை வாழ்த்துவனவும் அவையே. புண்பட்டு வீழ்ந்த வீரரைப் பேய் அச்சுறுத்தும் நிலைக்குப் பேய்க்காஞ்சி என்று பெயரிட்டு, அதனை ஒரு துறையாகவே வகுத்தனர் புறப்பொருள் நூலார். பேய் புகுந்த நூல்களையெல்லாம் எடுத்துவிட்டால், பழந்தமிழ் ஏட்டுக் கட்டிலே பெரிய ஓட்டை விழும்.

இடையிலே ஒரு வேடிக்கை. கண்டியிலே வாழ்ந்த சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை', ஈழத்து முதல் தமிழ் நாவல் என்று பலராலும் எண்ணப்படுவது. அந்த அலமாரியில் அதுவும் பேய் நாவல்களுக்கு நடுவே இருந்தது. 'பே' என்பது துருக்கியர் வழங்கும் ஒரு மதிப்புப் பெயர் என்பதை அறியாதார் யாரோ அசனைப் பேயாக்கிவிட்டனர். உடம்படுமெய்யாக வந்த யகரம் ஒரு நல்ல மனிதனைச் சுடுகாட்டுக்கு அனுப்பிய கதை இது. இலக்கணம் கற்பிப்போர் வகுப்பிலே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

இனிப் பொருளுக்கு வருவோம். ஒரு பேய்க் கதையை எதனைக் கொண்டு மதிப்பிடுவது? படிக்கும்போது மயிர்க்கூச்செறிந்ததா என்பது ஓர் அளவு. ஆனால் கதவு படீரென்று சாத்தினாலும் மயிர்க்கூச்செறியும்; அதற்கு இலக்கியம் வேண்டுவதில்லை. அச்சம் எங்கே பிறக்கிறது என்று தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே ஆராய்ந்திருக்கிறார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கு நிலைக்களன்களை அவர் கூறுகின்றார். அணங்கு என்பது வருத்தும் தெய்வமும் பேயும் முதலாயின. விலங்கும் கள்வரும் வெளிப்படை. இறை என்பதற்கு அரசன் எனவும், தமக்கு மேலாய் நின்று ஆள்பவர் எனவும் பொருள் கொள்ளலாம். பேயும் புலியும் அஞ்சத்தக்கவை என்பதைச் சிறு பிள்ளையும் சொல்லும். அவற்றோடு ஒரே வரிசையில் ஆள்வோனையும் நிறுத்தியதிலேதான் தொல்காப்பியரின் கூரறிவு தெரிகிறது.

இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு, மேனாட்டுப் பேய் நாவல்களிலே தலைமை பெற்ற டிராகுலாவைப் படித்துப் பாருங்கள். அயர்லாந்தினரான பிராம் ஸ்டோக்கர் அதனை 1897இல் வெளியிட்டார். டிராகுலா இறந்தும் இறவாதவன், குருதி குடிப்பவன், ஆகவே அணங்கு. ஓநாய்களை ஏவுகிறான், தானும் வௌவால் வடிவு கொள்கிறான், ஆகவே விலங்கு. இரவிலே பலகணி வழியாகப் பெண்களின் படுக்கையறைக்குள் நுழைகிறான், ஆகவே கள்வன். இவை யாவற்றுக்கும் மேலாக அவன் ஒரு பிரபு, தன் மலைநாட்டுக் குடிகளைத் தலைமுறை தலைமுறையாக ஆண்டவன், ஆகவே இறை. நான்கு அச்சங்களையும் ஓருடலில் வார்த்தமையே அந்நாவல் நூற்றாண்டு கடந்தும் நிற்பதற்குக் காரணம் என்பது என் துணிபு. அதனைப் பின்பற்றி எழுதியோர் பெரும்பாலும் பல்லையும் குருதியையும் மட்டுமே எடுத்துக்கொண்டனர். பிரபுவை விட்டுவிட்டனர். நாலில் மூன்று பங்கு அச்சத்தைக் கழித்துவிட்டு, மிஞ்சிய பங்கிலே சிவப்பு மையை ஊற்றினர்.

ஸ்டோக்கர் அந்த மலைநாட்டை ஒருபோதும் கண்டவரல்லர். 1890இல் விட்பி என்னும் கடற்கரையூரிலே விடுமுறையைக் கழித்தபோது, அங்குள்ள நூலகத்தில் வலாக்கியா நாட்டைப் பற்றிய பழைய நூல் ஒன்றில் டிராகுலா என்னும் பெயரைக் கண்டெடுத்தார். மற்றவை படிப்பும் கற்பனையும். கதையை அவர் கூறும் முறையும் கருதத்தக்கது. நாட்குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைத் துணுக்கு ஆகியவற்றைக் கோத்தே முழு நாவலும் அமைகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுதான் தெரியும். முழுவதும் வாசகனுக்கே தெரியும். ஆகவே பாத்திரங்கள் அஞ்சுவதற்கு முன்பே நாம் அஞ்சத் தொடங்கிவிடுகிறோம். இத்தனை பேருக்கு நாட்குறிப்பு இருக்க, டிராகுலாவுக்கு மட்டும் இல்லை. அவன் தரப்பை அவன் எழுத இடமில்லை. இக்குறையைப் பற்றிப் பின்னர்ப் பேசுவேன். நூலின் பிற்பகுதி துரத்தலும் ஓட்டமுமாய்ச் சற்றே சலிப்பூட்டுவது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அலமாரியில் நான் கழித்த நூல்களில் மிகப் பலவற்றின் குற்றம் ஒன்றே. அவற்றை எழுதியோர் அச்சத்துக்கும் அருவருப்புக்கும் வேற்றுமை அறியார். நம் முன்னோர் அச்சத்தையும் இளிவரலையும் வெவ்வேறு மெய்ப்பாடாக வைத்தனர். வடமொழியாரும் பயானகத்தையும் பீபத்சத்தையும் வேறுபடுத்தினர். இங்கிலாந்திலே பேய் நாவல் எழுதிப் புகழ்பெற்ற ஆன் ராட்கிளிப் அம்மையாரும், அவர் மறைந்தபின் 1826இல் அச்சேறிய ஒரு கட்டுரையிலே இதையே தம் வழியில் கூறினார்: ஒருவகை அச்சம் உள்ளத்தை விரியச் செய்து விழிப்பூட்டும், மற்றொருவகை அதனைச் சுருக்கி உறையச் செய்யும். அழுகிய பிணத்தைப் பக்கம் பக்கமாக வருணிப்பவன் நம்மை மூக்கைப் பொத்தச் செய்கிறான். மூக்கைப் பொத்தியவன் அஞ்சுவதில்லை.

கலிங்கத்துப் பரணியிலே இந்திரசாலம் என்று ஒரு பகுதி உண்டு. பசியால் வாடிய பேய்களின் முன்னே, வித்தை கற்றுவந்த முதுபேய் ஒன்று போர்க்களத்தைப் பொய்யாகத் தோற்றுவிக்கிறது. நிணமும் குருதியும் ஆறாய் ஓடுவனபோலத் தெரிகின்றன. பேய்கள் பாய்ந்து அள்ளுகின்றன. கையில் ஒன்றும் இல்லை. கடிக்கின்றன, பல்லோடு பல் மோதுகிறது. மலிவுப் பதிப்புப் பேய் நாவலின் வாசகன் நிலையைச் சயங்கொண்டார் இவ்வாறு ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னரே பாடி வைத்தாரோ என்று நகைத்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இரெயினால்ட்சு என்னும் ஆங்கில நாவலாசிரியர் அள்ளியள்ளி எழுதினார். ஓநாய் மனிதனைப் பற்றியும் அவர் ஒரு நாவல் எழுதியதுண்டு. அவருடைய மர்மக் கதைகளைத் தழுவி ஆரணி குப்புசாமி முதலியார் தமிழில் எழுதினார். அக்காலத்து வாசகர் அவற்றை விரும்பிப் படித்தனர். தமிழ் உரைநடை வேகமாக ஓடக் கற்றதில் அவற்றுக்கும் பங்குண்டு. ஆயினும் அந்த வழியிலே வந்தவற்றுள் பெரும்பாலானவற்றை இரண்டாம் முறை எடுக்க மனம் வருவதில்லை.

இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அச்சந் தரும் பேய்க் கதை தமிழில் உண்டா? உண்டு. அது நாவலிலே இல்லை, மணிமேகலையில் இருக்கிறது. டிராகுலா வெளிவந்த அடுத்த ஆண்டிலே, 1898இல், உ. வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்தார் என்பதை ஒரு பொருத்தமாக எண்ணி மகிழ்வேன். சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையைக் காண்க. புகார் நகரத்தின் சுடுகாட்டுக் கோட்டம் அது. சார்ங்கலன் என்னும் பார்ப்பனச் சிறுவன் தன்னந்தனியாக அதனுள் செல்கின்றான். ஒரு பெண்ணின் உடல் அங்கே கிடக்கிறது. நரியும் நாயும் பறவைகளும் அதனைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு பேய் அவள் தலையைக் கையிலேந்திக் களித்து ஆடுகிறது.

இந்த இடத்திலே சாத்தனார் செய்ததைத் தமிழாசிரியர்கள் நின்று பார்க்க வேண்டும். கூந்தலை மேகத்துக்கும், கண்ணைக் கயலுக்கும், மூக்கைக் குமிழம்பூவுக்கும், பல்லை முத்துக்கும் ஐயுற்று உவமித்தல் புலவர் மரபன்றோ? அந்த ஐய உவமைகளை அவர் வரிசையாக அடுக்குகின்றார். அடுக்கிவிட்டு, இப்படியெல்லாம் ஐயுற்று நில்லாமலும் இரங்காமலும் பேய் அக்கண்களைத் தோண்டி உண்டது என்று முடிக்கின்றார். நேற்றுவரை ஏதோ ஒரு புலவனுக்கு உவமைப் பொருளாய் இருந்திருக்கத்தக்க முகம் அது. காதற் கவிதையின் சொற்களையே கொண்டு அச்சத்தைப் படைத்திருக்கிறார். குருதி என்ற சொல்லைப் பத்துமுறை எழுதியும் வாராத நடுக்கம் இந்த நாலைந்து உவமைகளால் வந்துவிடுகிறது.

சிறுவன் அதைக் காண்கின்றான், ஓடுகின்றான், தன் உயிரைப் பேய்க்குக் கொடுத்துவிட்டதாகத் தாயிடம் சொல்லி வீழ்ந்து இறக்கின்றான். சாதாரணக் கதாசிரியன் இவ்விடத்திலே திரையை விட்டுவிடுவான். சாத்தனாருக்குக் கதை இங்கேதான் தொடங்குகிறது. தாய் கோதமை மகனின் உடலைச் சுமந்து வந்து, ஊர்காக்கும் சம்பாபதியைக் கூவி அழைக்கின்றாள். என் மகன் உயிரை உண்டது அணங்கோ பேயோ, நீ இருந்து காப்பது என்ன என்று கேட்கின்றாள். தெய்வம் தரும் விடை வியப்புக்குரியது. அணங்கும் பேயும் உயிரை உண்பதில்லை என்கிறது அது. அவனது பேதைமையே காரணமாக, ஊழ்வினை அவன் உயிரைக் கொண்டது என்பது தெய்வத்தின் கூற்று. தாய் அடங்குவாளா? என் உயிரை எடுத்துக்கொண்டு அவன் உயிரைத் தா என்கின்றாள். அது முடியாது என்று காட்டுவதற்குச் சம்பாபதி தேவர் அனைவரையும் அழைத்துவர வேண்டியிருக்கிறது. ஒரு பேய் ஆடிய ஆட்டம், மாண்டார் மீள்வாரோ என்னும் கேள்வியாய் வளர்ந்து, விண்ணுலகத்தையே சாட்சிக்கூண்டில் ஏற்றிவிட்டது. பேய் என்று ஒன்று உயிரை உண்ணுமா என்ற ஐயத்தைத் தன்னுள்ளேயே எழுப்பி, இல்லை என்று விடையும் தந்து, அதன் பின்னும் அஞ்சவைக்கும் கதை இது.

என் உரைகல் இங்கேதான் எனக்குக் கிடைத்தது. பேய் வந்தபின் ஒரு கேள்வி எழவேண்டும். பேய் போனபின் அந்தக் கேள்வி போகக் கூடாது.

பழையனூர் நீலி கதையை இதில் உரைத்துப் பாருங்கள். கணவனால் கொலையுண்ட பெண் பேயாகி, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, ஊர் அம்பலத்துக்கு வந்து வழக்குரைக்கின்றாள். இவர் என் கணவர், என்னைக் கைவிட்டுப் போகப் பார்க்கிறார் என்கின்றாள். அவனோ இவள் பேய் என்று அலறுகின்றான். பழையனூர் வேளாளர் எழுபதின்மர் கேட்டு, பெண்ணின் பக்கமே நியாயம் எனக் கண்டு, உன் உயிருக்கு எங்கள் உயிர் ஈடு என்று அவனுக்கு உறுதி கூறி, அவளோடு விடுகின்றனர். இரவில் அவள் பழி முடிக்கின்றாள். எழுபதின்மரும் சொன்ன சொல் தவறாது தீப்பாய்கின்றனர். திருஞானசம்பந்தர் தேவாரத்திலேயே இதற்குக் குறிப்பு உண்டு. காரைக்காற் பேய் சென்றடைந்த திருவாலங்காடும் நீலியின் பழையனூரும் ஒன்றையொன்று அடுத்த ஊர்கள் என்பதையும் நினைவூட்டுகின்றேன்.

இந்தக் கதையிலே அஞ்சத்தக்கது எது? நீலியின் பல் அன்று. நீதிமான்கள் எழுபது பேர் நல்லெண்ணத்தோடு, முறைப்படி விசாரித்து, தவறான தீர்ப்பு வழங்குகின்றனர். அந்தத் தவறான தீர்ப்பினாலேயே ஒரு பழைய கொலைக்கு நீதி கிடைக்கிறது. இதை நினைக்க நினைக்கத் தலை சுற்றும். தொல்காப்பியர் கூறிய இறையச்சம் இங்கே தலைகீழாகி, ஆளும் அவையே அஞ்சும்படி நேர்ந்துவிட்டது. டிராகுலாவுக்கு நாட்குறிப்பு இல்லை என்றேன். நீலிக்கு அம்பலம் இருந்தது. மேனாட்டு நாவல் இரத்தக் காட்டேரியைக் கொன்றொழிக்க ஆப்பைத் தேடுகிறது. நம் கதை, பேய்க்கும் ஒரு வழக்கு உண்டு என்று கேட்க உட்காருகிறது.

வேதாளத்தின் செய்தியும் இதுவே. வேதாளக் கதைகளை 1870இல் ஆங்கிலத்தில் எழுதிய ரிச்சர்டு பர்ட்டன், 'விக்கிரமனும் வேம்பயரும்' என்று தலைப்பிட்டார். வேம்பயர் என்பது இரத்தம் உறிஞ்சும் காட்டேரி. முருங்கை மரத்திலே தலைகீழாகத் தொங்கும் நம் வேதாளமோ யாருடைய கழுத்தையும் நாடவில்லை. விக்கிரமாதித்தன் தோளில் ஏறிக் கதை சொல்கிறது. கதை முடிவில் வினா எழுப்புகிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் உன் தலை வெடித்துவிடும் என்கிறது. இதனினும் கொடிய அச்சுறுத்தலை எந்தக் காட்டேரியும் விடுத்ததில்லை. பர்ட்டன் பன்மொழி வல்லவர். ஆனால் தலைப்பிலே சறுக்கிவிட்டார்.

இக்காலப் புனைகதைக்கு வருவோம். புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'காஞ்சனை' இன்னும் எட்டப்படாத சிகரம். தூக்கம் வராத ஓர் எழுத்தாளன், அவன் மனைவி, வீட்டு வேலைக்கு வந்து சேர்ந்த ஒருத்தி. நடு இரவிலே வரும் ஒரு வாடையைக் கொண்டே அவர் அச்சத்தைக் கட்டத் தொடங்குகிறார். மூக்கைப் பொத்தினாலும் போகாத வாடை அது. மற்றவர்களைப் போல் அருவருப்புக்காக அதனைப் பயன்படுத்தவில்லை. வந்தவள் பேய்தானா, அல்லது கதை சொல்பவன் உள்ளம்தான் பேய் கொண்டதா என்று கதை முடிந்த பின்னும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. மேனாட்டிலே என்றி சேம்சு 1898இல் ஒரு குறுநாவலில் கையாண்ட உத்திக்கு இது நெருங்கியது. ஆனால் புதுமைப்பித்தனது எள்ளல் சேம்சிடம் இல்லை. தன்னைத் தானே நகைத்துக்கொள்ளும் ஒருவன் உண்மையிலேயே நடுங்குவதைக் காண்கையில் நமக்கு நகையும் வருவதில்லை, ஆறுதலும் வருவதில்லை.

சுசாதாவின் 'கொலையுதிர் காலம்' பேயா விஞ்ஞானமா என்று இரு தரப்பையும் நாவல் முழுவதும் இழுத்துச் செல்கிறது. வழக்கறிஞர் இருவரை வைத்து அவர் கதை நடத்துவது, நீலி கதையின் அம்பலத்தை நினைப்பவர்க்குச் சுவையாயிருக்கும். ஆயினும் அதன் இன்பம் புதிரை அவிழ்க்கும் இன்பமே. புதிர் அவிழ்ந்தால் அச்சமும் கலைந்துவிடுகிறது. 2024இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன் ஊர்க் காவல் தெய்வங்களைப் பற்றிய நம்பிக்கையை மர்மக் கதைக்குள் கொணர்ந்தவர். 'விடாது கருப்பு' கதையிலே கருப்பசாமி தண்டிப்பார் என்னும் அச்சம் ஊரார் அனைவரையும் பற்றியிருக்கிறது. தொல்காப்பியர் கூறிய அணங்கும் இறையும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. அவர் நடை விரைவானது, சில இடங்களில் விரைவு மிகுதியானது. எனினும் மண்ணின் அச்சத்தை அறிந்து எழுதினார். சுசாதாவையும் அவரையும் அலமாரியில் வைத்தேன். செயமோகனின் 'நிழல்வெளிக் கதைக'ளையும் வைக்கச் சொன்னேன். பிணவருணனைக் கதைகள் பலவற்றைக் கழித்தேன். ஒன்றிரண்டை, எப்படி எழுதலாகாது என்று காட்டுவதற்காக விட்டுவைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஈழத்து மலையகத்தைப் பற்றி யாரேனும் எழுதிய பேய் நாவல் அந்த அலமாரியில் ஒன்றேனும் இருக்கிறதா என்று தேடினேன். என் கண்ணிற் படவில்லை. இது வியப்பே. அச்சத்துக்கு வேண்டிய நான்கு நிலைக்களன்களும் இங்கே போல வேறெங்கும் கூடியிருந்ததில்லை. 1830களுக்குப் பின் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளை கடந்து, இந்த நாலந்தா வழியாகத்தான் மாத்தளைக்கு வந்தனர். இன்று பேருந்துகள் விரையும் பெருவீதி அவர்கள் கால்நடையாக வந்த பாதையின் வாரிசு. யானையும் கரடியும் சிறுத்தையும் உள்ள காடு; வழிப்பறிக் கள்வர்; முன்னே கங்காணி, வழியின் முடிவில் துரை; இரவிலே அணங்கு. அம்மையும் வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவர்களை வழியிலேயே வீழ்த்தின. மாண்டோர் தொகையைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வந்தாரில்லை. அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, நடுகல்லும் இல்லை.

நாலந்தா கெடிகே என்னும் பழங் கற்கோயிலை எண்ணும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். பல்லவர் கட்டட மரபும் பௌத்தமும் கலந்த அருமையான கோயில் அது. மகாவலித் திட்டத்தின் நீர்த்தேக்கத்திலே மூழ்கிப்போகாதபடி, 1970களில் கல் கல்லாகப் பிரித்தெடுக்கப்பட்டுப் பின்னர் மேட்டிலே மீண்டும் எழுப்பப்பட்டது. நல்ல காரியம். வழியில் மாண்டவர்க்கோ எண்ணிட்டுப் பெயர்த்து வைக்க ஒரு கல்லும் இல்லை.

தேயிலை வந்தபின் மலையகத்து மக்கள் தம் அச்சத்துக்குத் தாமே உருவங்கள் கொடுத்தனர். தொழிற்சாலையின் சுழலும் சக்கரத்திலே உறைவதாகக் கருதி ரோதமுனிக்குப் பூசையிட்டனர். நீராவியும் இரும்பும் கொண்டுவந்த எந்திரத்துக்குள்ளே ஒரு முனி! கையையும் உயிரையும் பறிக்கவல்ல பொறியின் முன் நின்று வேலை செய்பவன் அதனை அணங்காகக் காண்பதில் என்ன வியப்பு? மேரி செல்லி அம்மையார் 1818இல் வெளியிட்ட 'பிராங்கன்ஸ்டைன்', மனிதன் தன் கையாற் செய்த பொருளையே அஞ்சும் கதை. அதற்கு விதையிட்ட 1816ஆம் ஆண்டு, ஐரோப்பாவில் கோடையே இல்லாமற்போன ஆண்டு. அதற்கு முந்திய ஆண்டு, நம் பக்கத்துக் கடல்களைச் சேர்ந்த தம்போரா எரிமலை வெடித்துக் கக்கிய புகையே அதற்குக் காரணம் என்பர். கண்டி இராச்சியம் வீழ்ந்ததும் அதே 1815இல்தான். அவ்வம்மையார் ஏரிக்கரையில் மழைக்கு ஒதுங்கியிருந்து கற்பனையால் அடைந்ததை, நம் லயத்து மக்கள் கொழுந்து அரைக்கும் சாலையிலே நேரிற் கண்டனர். ரோதமுனியை வைத்து ஒரு நாவல் எழுத வல்லவர் யாரேனும் இதைப் படிப்பாராயின், காலந் தாழ்த்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆங்கிலத்தில் எழுதும் இலங்கையரான செகான் கருணாதிலக்க தாம் எழுதிய பேய் நாவலுக்கு 2022இல் புக்கர் பரிசு பெற்றார். மாலி அல்மேதா என்னும் புகைப்படக்காரன் 1990இல் கொழும்பிலே கொலையுண்டு, பேயாகி, தன்னைக் கொன்றவர் யார் என்பதை அறிய ஏழு நிலவுகள் அவகாசம் பெறுகின்றான். அவன் எடுத்து ஒளித்துவைத்த படங்களிலே நாட்டின் கொலைகள் இருக்கின்றன. மறுவுலகம் அரசாங்கக் காரியாலயம் போல வரிசையும் படிவமுமாய் இருப்பதாக ஆசிரியர் காட்டுவது, நம் நாட்டுக் கச்சேரிகளை அறிந்தவர்க்கு நகையும் விளைக்கும், வேறொன்றும் விளைக்கும். நீலியைப் போல அவனுக்கும் ஒரு வழக்கு இருக்கிறது; ஆனால் அம்பலம் கூடவில்லை. சில இடங்களில் அளவு மீறிய பேச்சு உண்டெனினும், என் உரைகல்லிலே அந்நாவல் பொன்னாகவே விழுகிறது.

அதைப் படித்தபோது எனக்கு மாத்தளை நினைவு வந்ததில் வியப்பில்லை. 2012ஆம் ஆண்டின் இறுதியிலே மாத்தளை வைத்தியசாலை வளவில் கட்டட வேலைக்காக நிலத்தைத் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. அகழ்ந்து முடிந்தபோது 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் கிடைத்தன. 1980களின் பிற்பகுதிக் கிளர்ச்சிக் காலத்தவை என்றனர் சிலர். வெளிநாட்டு ஆய்வுகூடத்துச் சோதனையோ அவை அதற்குப் பல பத்தாண்டுகள் முந்தியவை என்றது. காணாமற்போன பிள்ளைகளின் பெற்றோர் அவ்விடத்துக்கு வந்து நின்றனர். கோதமையை நான் வகுப்பில் நடத்தும்போது அந்தப் பெற்றோரை எண்ணாதிருக்க முடிவதில்லை.

சென்ற தவணையிலே சார்ங்கலன் பகுதியை மேல்வகுப்பில் வாசித்தேன். உவமைகளைப் பிரித்துக் காட்டினேன். ஐய உவமையின் இலக்கணம் சொன்னேன். சம்பாபதியின் விடையையும் விளக்கினேன். யாவரும் அமைதியாய் இருந்தனர். பின்வரிசையிலே தோட்டத்திலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, பயந்து செத்த பையனுக்குப் பேர் இருக்குது, அவங்க அம்மாவுக்கும் பேர் இருக்குது. அந்தப் பேய் கையில வச்சிருந்திச்சே, அந்தப் பொம்பளையோட தலை, அவங்க யாரு?" என்று கேட்டாள். மூலத்தை மறுபடியும் படித்துப் பார்த்தேன். சாத்தனார் சொல்லவில்லை. என் கையிலிருந்த உரையிலும் விடை இல்லை.